9 வருட பேக்எண்ட் அனுபவம், 46 விண்ணப்பம், 3 நேர்காணல்: எங்கே இடிக்கிறது?

பழைய_மோனோலித் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை. ஜாவா 8, அதன் மேல் ஸ்பிரிங் பூட் 2.3, டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ். ஒரே பெரிய மோனோலித், அதாவது எல்லா வேலையும் ஒரே நிரலுக்குள். நான் சேர்ந்தபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. போன வருடம் மேலாளர் மாறினார், குழுவில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், எனக்கும் போதும் என்று ஆகிவிட்டது. வேலையை இன்னும் விடவில்லை.

நான்கு மாதமாகத் தேடுகிறேன். 46 விண்ணப்பம். 31 இடத்திலிருந்து பதிலே இல்லை. 12 இடத்திலிருந்து தானியங்கி மறுப்பு. அதில் இரண்டு, அனுப்பிய பத்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தவை. மீதி மூன்றில்தான் மனிதர்களோடு பேச முடிந்தது.

முதல் இடத்தில் கிராஃப் அல்காரிதக் கணக்கு ஒன்று. கல்லூரியில் போட்டது, அதோடு சரி. நேரம் முடியும்போது பாதிதான் ஓடியது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது இடத்தில் காஃப்கா, சேவைகளுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் அமைப்பு. ரெஸ்யூமேயில் போட்டிருந்தேன். “ஒரே ஆர்டரைப் பற்றிய செய்திகள் வரிசை மாறாமல் வர வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். நான் எழுதியதெல்லாம், வேறு யாரோ அமைத்துவைத்த டாபிக்கிலிருந்து (செய்தி ஓடையிலிருந்து) படிக்கிற ஒரே ஒரு கன்ஸ்யூமர். சமாளிக்கப் பார்த்தேன். எதிரே இருந்தவர் கேமராவை அணைக்கவில்லை, அதனால் அவர் முகம் மாறியதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது சிஸ்டம் டிசைன். நீளமான இணைப்பைச் சுருக்கித் தரும் சேவை. வீடியோக்களில் பார்த்த அத்தனையையும் வரைந்தேன்: லோட் பேலன்சர், ரெடிஸ், காஃப்கா, கசாண்ட்ரா, ஷார்டிங். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாளைக்குப் பத்து லட்சம் கோரிக்கைதான் வரும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே, இதெல்லாம் எதற்கு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது என்ன செய்வது? கோ மொழி கற்கவா? குபர்நெட்டிஸ் சான்றிதழ் வாங்கவா? லீட்கோட் பயிற்சித் தளத்தில் 300 கணக்கு போடவா? என் வேலையில் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றுமில்லை. ஒருமுறை மாலை நேரத்தில் சர்வர் மொத்தமாகத் தொங்கிப்போய், எல்லோரும் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தபோது நான் திரெட் டம்ப் (அந்த நொடியில் சர்வரின் ஒவ்வொரு திரெட்டும், அதாவது வேலை இழையும், எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்துச் சரிசெய்தேன். மற்றபடி அன்றாட வேலைதான்.

ரெஸ்யூமேயின் முதல் வரி இது: “9 வருட அனுபவமுள்ள, ஆர்வமிக்க பேக்எண்ட் பொறியாளர். ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், காஃப்கா, மைக்ரோசர்வீஸ் ஆகியவற்றில் ஆழ்ந்த நிபுணத்துவம்.”

---

நள்ளிரவு_பேஜர்:

ஆறு வருடமாக எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் முதல் வரியை அப்படியே வேறு பெயரோடு எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

காஃப்காவை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் “கன்ஸ்யூமர் எழுதியிருக்கிறேன்” என்று இருப்பதை இருக்கிறபடி போடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சின்னதுதான்: டாபிக் பல பார்ட்டிஷனாகப் பிரிந்திருக்கும், வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் உறுதி. ஆர்டர் எண்ணைச் செய்தியின் கீயாக வைத்தால் ஒரே ஆர்டரின் செய்திகள் ஒரே பார்ட்டிஷனில் போய் விழும். இதை ஒரு சனிக்கிழமையில் படித்துவிடலாம். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டினீர்கள் என்று ஒருமுறை பட்டுவிட்டால், அடுத்த அரை மணி நேரம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

சிஸ்டம் டிசைனில் அவர் உங்களுக்கு விடையைக் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பத்து லட்சத்தை அதால் வகுத்தால் வினாடிக்குப் பன்னிரண்டுகூட வராது. உச்ச நேரத்துக்கு ஐந்து மடங்கு வையுங்கள், அறுபது. ஒரு போஸ்ட்கிரெஸ், சுருக்கிய இணைப்பின் மேல் ஒரு இன்டெக்ஸ், அவ்வளவுதான். “இதற்கு ஒரு டேட்டாபேஸ் போதும், நூறு மடங்கு ஏறினால் முதலில் எது உடையும் என்று வேண்டுமானால் பேசலாம்” என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே சரி என்று குறித்திருப்பேன்.

இதெல்லாம் இருக்கட்டும். அந்தத் திரெட் டம்ப் கதையை முழுதாகச் சொல்லுங்கள். “மற்றபடி அன்றாட வேலை” என்று தள்ளிவிட்டுப் போனீர்களே, அது.

---

இன்டெக்ஸ்_இல்லா_டேபிள்:

ஆள்குறைப்பில் போய் ஏழு மாதம் தேடியவள். கையில் வேலை இருக்கும்போதே தேடுகிறீர்கள், அதுவே பெரிய தெம்பு. கையெழுத்தான கடிதம் வரும்வரை விடாதீர்கள். எனக்கு ஒருவர் “உறுதி” என்று வாயால் சொல்லிவிட்டு மூன்று வாரம் கழித்து அந்தப் பதவியே இல்லை என்றார்.

என் கணக்கையும் சொல்கிறேன். தளங்களில் நேராகப் போட்டது நூற்றுக்கு மேல். அதில் வந்த அழைப்பு ஐந்து. முன்னாள் சகாக்கள் பதினொரு பேருக்கு எழுதினேன், நான்கு அழைப்பு. உங்கள் குழுவில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்கிறீர்கள். அவர்களெல்லாம் இப்போது எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்கள் எழுதிய நிரலை ரிவ்யூ செய்தவர்கள் வேறு. ஒருவருக்காவது எழுதினீர்களா? “வேலை இருக்கிறதா” என்று கேட்க வேண்டாம், கூச்சமாக இருக்கும். “உங்கள் குழுவில் பேக்எண்ட் என்ன ஓடுகிறது, நான் தேடிக்கொண்டிருக்கிறேன்” என்றால் போதும்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம். ஆள் எடுப்பவர் மாதிரி பேசி, “இந்த ரெப்போவை (நிரல் தொகுப்பை) இறக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரு சின்னப் பிழை இருக்கிறது, சரிசெய்யுங்கள்” என்று அனுப்புகிற மோசடி உண்டு. 2023 முதல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் என்ற கட்டளையைக் கொடுத்த நொடியிலேயே உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடிவிடும். உலாவியில் சேமித்த கடவுச்சொல், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாம் போய்விடும். தேடிக் களைத்திருக்கும்போது யார் அனுப்பினாலும் ஓட்டிவிடத் தோன்றும். தனி விர்ச்சுவல் மெஷினில் மட்டும் ஓட்டுங்கள். அலுவலக லேப்டாப்பில் கண்டிப்பாக வேண்டாம்.

---

பழைய_மோனோலித்:

இருவருக்கும் நன்றி. யாருக்கும் எழுதவில்லை. எழுதுகிறேன்.

கதை இது. ஆர்டர் பதிவாகும் இடத்தில், ரசீது எண் வாங்க வெளியே ஒரு சேவையை அழைப்போம். வழக்கமாக 200 மில்லிவினாடி. ஒருநாள் மாலை அந்தச் சேவை மெதுவாகி இரண்டு வினாடி எடுக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் எல்லாமே நின்றுவிட்டது, ஆர்டரோடு சம்பந்தமே இல்லாத பக்கங்கள்கூட. சிபியு 7 சதவீதம். டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம் ஓடும், மறுபடி தொங்கும்.

திரெட் டம்ப் எடுத்தால் கோரிக்கைகளை வாங்கும் டாம்கேட்டின் 200 திரெட்டில் 190, டேட்டாபேஸ் கனெக்ஷன்களைப் பூலில் வைத்துக் கொடுக்கும் ஹிகாரியிடம் கனெக்ஷன் கேட்டு வரிசையில் நிற்கின்றன. பத்து மட்டும் வெளிச் சேவையின் பதிலுக்குக் காத்திருக்கின்றன. ஹிகாரியின் இயல்பு அளவு பத்து; நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. வெளி அழைப்பு டிரான்ஸாக்ஷனுக்கு (எல்லாம் சேர்ந்து சேமிப்பாகும், அல்லது எதுவுமே ஆகாது என்கிற டேட்டாபேஸ் தொகுப்பு) உள்ளே இருந்தது. அதாவது கனெக்ஷனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒருவர் பூலை ஐம்பதாக்கினார். எங்கள் சர்வர் நான்கு இன்ஸ்டன்ஸாக (பிரதியாக) ஓடியது. போஸ்ட்கிரெஸின் கனெக்ஷன் உச்சவரம்பு இயல்பான நூறிலேயே இருந்தது. மூன்றாவது இன்ஸ்டன்ஸ் எழவே இல்லை. திருப்பிப் பத்தாக்கிவிட்டு, அழைப்பை டிரான்ஸாக்ஷனுக்கு முன்னால் நகர்த்தினேன். தொங்குவது நின்றது.

இதில் வெட்கமான பகுதி ஒன்று உண்டு. சேமிக்கும் பகுதியை அதே கிளாஸில் தனி மெத்தடாகப் பிரித்து, தலையில் டிரான்ஸாக்ஷனல் என்று போட்டேன். அதே கிளாஸுக்குள்ளிருந்து அழைத்தால் டிரான்ஸாக்ஷனைத் தொடங்கிவைக்கும் ஸ்பிரிங்கின் ப்ராக்ஸி வழியாகப் போகாது, அந்தக் குறிப்புக்கு வேலையே இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, ஆர்டர் இருக்கிறது, அதன் பொருட்கள் இல்லை என்ற நிலையில் 14 பதிவுகள் கிடைத்தன. வேறு கிளாஸுக்கு மாற்றி, பதினான்கையும் கையால் சரிசெய்தேன்.

---

நள்ளிரவு_பேஜர்:

ஐயா, இதை வைத்துக்கொண்டா “சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை” என்றீர்கள்?

கணக்கைப் பாருங்கள். பத்து கனெக்ஷன், ஒவ்வொன்றும் 200 மில்லிவினாடி பிடிபட்டால் வினாடிக்கு 50 கோரிக்கை போகும். இரண்டு வினாடி பிடிபட்டால் ஐந்துதான். மாலையில் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு எத்தனை வந்தது? இருபது என்று வைத்தால், வினாடிக்குப் பதினைந்து தேங்கும். 200 திரெட்டும் பதினான்கு வினாடிக்குள் நிரம்பிவிடும். அரை நிமிடத்தில் மறுபடி தொங்கியதன் காரணம் அதுதான். இந்த நான்கு வரியை நேர்காணலில் ஒருவர் பலகையில் எழுதினால், ஷார்டிங்கைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன்.

14 பதிவுகளை ஒளிக்காதீர்கள். “நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்” என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள், எல்லோரும் “நான் அதிகமாக உழைத்துவிடுகிறேன்” மாதிரி எதையாவது சொல்வார்கள்.

நானாக இருந்தால் அடுத்து இரண்டு கேள்வி கேட்பேன், தயாராக இருங்கள். ஒன்று: ரசீது எண் வாங்கியாயிற்று, சேமிப்பதற்குள் சர்வர் விழுந்துவிட்டது, அந்த எண் என்ன ஆகும்? திரும்ப முயன்றால் இரண்டாவது எண் வருமா? ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே கோரிக்கை திரும்ப வந்தால் அடையாளம் காட்டும் எண்), அவுட்பாக்ஸ் டேபிள் (வெளியே அனுப்ப வேண்டியதை அதே டிரான்ஸாக்ஷனில் எழுதிவைக்கும் இடம்) இரண்டையும் படித்துவிட்டு, உங்கள் கதையின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு: ஜாவா 21இன் விர்ச்சுவல் திரெட் இருந்திருந்தால் தப்பித்திருப்பீர்களா? மாட்டீர்கள். திரெட் எத்தனை லட்சம் இருந்தாலும் கனெக்ஷன் அதே பத்துதான்.

---

கமிட்_பண்ணிட்டு_போ:

எல்லாம் சரி, ஆனால் முதல் சுற்றில் கிராஃப் கணக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லும் இடத்துக்கே போக மாட்டார். 300 வேண்டாம். ஹேஷ்மேப், இரு சுட்டி, பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ், ஹீப்: வகைக்குப் பத்து. தினம் ஒன்று, வாய்விட்டுப் பேசிக்கொண்டே. பேசாமல் போட்டுப் பழகினால் நேர்காணலில் வாய் வராது.

கோ வேண்டாம். ஜாவா 8இலிருந்து வெளியே வாருங்கள். ஸ்பிரிங் பூட் 3 வந்தது 2022 நவம்பரில், அதற்கு ஜாவா 17 கட்டாயம். உங்கள் மோனோலித்தின் ஒரு மூலையை எடுத்து வீட்டில் 17க்கு ஏற்றிப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் அலுவலக நிரலை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதே மாதிரி சின்னதாக ஒன்றைப் புதிதாக எழுதி ஏற்றுங்கள். ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் பல ஜகார்தாவாக மாறுவதில் இரண்டு மாலை போகும். போகட்டும்.

---

பழைய_மோனோலித்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

முன்னாள் சகாக்கள் ஆறு பேருக்கு எழுதினேன். நான்கு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், “அன்று மாலை நீதானே அதைக் கண்டுபிடித்தாய்” என்று அவரே ஆரம்பித்தார். அவர் குழுவில் வியாழக்கிழமை நேர்காணல். வகைக்குப் பத்து இன்னும் முடியவில்லை. ஹீப் மட்டும் கொஞ்சம் உதைக்கிறது.

முதல் வரியை மாற்றினேன். காஃப்கா போய்விட்டது, நிபுணத்துவமும் போய்விட்டது:

“ஆர்டர் அமைப்பை 9 வருடம் வளர்த்துப் பராமரித்தேன். வெளிச் சேவை தாமதமானால் கனெக்ஷன் பூல் வற்றி முழு அமைப்பும் நிற்கும் பிரச்சினையைத் திரெட் டம்ப் மூலம் கண்டறிந்து, வெளி அழைப்பை டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே எடுத்தேன். வினாடிக்கு 5 கோரிக்கையில் திணறிய இன்ஸ்டன்ஸ், அதே தாமதத்தில் 40 வரை தாங்கியது.”

---

நள்ளிரவு_பேஜர்:

நன்றாக இருக்கிறது. 40 எங்கிருந்து வந்தது? அளந்தீர்களா?

---

பழைய_மோனோலித்:

மறுநாள் மாலை அதிகபட்சம் 22 வந்தது, தடுமாறவில்லை. 40 தாங்கும் என்று நானே கணக்குப் போட்டது.

---

நள்ளிரவு_பேஜர்:

அப்படியானால் 22 என்றே போடுங்கள். 40 என்று போட்டால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன்.

---

பழைய_மோனோலித்:

மாற்றிவிட்டேன். வியாழன் மாலை வந்து சொல்கிறேன்.