ஆச்சி வீட்டு வாரிசுகள் குழு: காய்ச்சல் விட்ட அஞ்சாவது நாள்

[மாலை 6:42] கவிதா: சித்தி, மாடி வீட்டுப் பையனுக்கு டெங்கு. 12 வயசு, 30 கிலோ. இன்னைக்கு அஞ்சாவது நாள். காலையில இருந்து காய்ச்சலே இல்ல, ஆனா பிளேட்லெட் 78,000. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பலாமான்னு அவங்கம்மா கேக்கறாங்க.

[6:44] சுமதி சித்தி: ஸ்கூல் இருக்கட்டும். பிசிவி, அதான் ரத்தத்துல சிவப்பு அணு எத்தனை சதவீதம்னு காட்டற நம்பர், எவ்வளவு? பழைய ரிப்போர்ட்லயும் பாரு. வாந்தி, வயித்து வலி இருக்கா? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?

[6:49] கவிதா: முந்தாநாள் பிளேட்லெட் 1,60,000, பிசிவி 38. இன்னைக்கு பிசிவி 44, வெள்ளை அணு 2,400. மதியத்துக்கு மேல மூணு வாந்தி. ஒண்ணுக்குப் போனது காலையில 11 மணிக்கு.

[6:50] சுமதி சித்தி: இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. அட்மிட் பண்ணணும். ரெண்டு ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும்.

[6:53] முருகேசன் மாமா: கவி, ரிப்போர்ட்ல 44-க்குப் பக்கத்துல நார்மல்னுதான் இருக்கும், கறுப்பா அடிச்சிருக்காது. அதைப் பாத்து ஏமாறக் கூடாது. அவனோட சொந்த அளவு 38. அதுல இருபது சதவீதம் ஏறி 45.6 ஆனா கசிவுன்னே எடுத்துக்குவாங்க. ரெண்டே நாள்ல அந்த ஏத்தத்துல முக்கால்வாசி ஏறிட்டான். ரத்தத்துல இருக்கிற நீர் குழாயை விட்டு வெளியில கசிய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

[7:05] கவிதா: ஆட்டோவுல கிளம்பிட்டாங்க. ஆனா எனக்குப் புரியல சித்தி. வைரஸ் குறைஞ்சதாலதானே காய்ச்சல் விட்டது?

[7:09] சுமதி சித்தி: வைரஸ் குறைஞ்சது நிஜம். அதைக் குறைச்சது அவன் உடம்போட எதிர்ப்பு சக்தி. இப்ப வர்ற ஆபத்துல பெரும் பங்கும் அதோடதுதான்.

[7:12] சுமதி சித்தி: கொசு கடிச்ச இடத்துல, தோலுக்குள்ள டென்ட்ரிட்டிக் செல்னு காவல் செல்கள் இருக்கு. டெங்கு வைரஸ் முதல்ல அதுக்குள்ளயே புகுந்துக்கும். அந்த செல் தகவல் சொல்ல நெறி கட்டுற இடத்துக்குப் போகும், வைரஸும் கூடவே போயிடும். 4-ல இருந்து 10 நாள் வரை வெளியில ஒண்ணும் தெரியாது. உடம்பு இன்டர்ஃபெரான் சுரந்து மத்த செல்களை உஷார் பண்ணும். வைரஸோட என்எஸ்5 புரதம் அந்த சிக்னல் போற வழியில இருக்கிற ஸ்டாட்2-ங்கிற நம்ம புரதத்தை உடைச்சு விட்டுடும். அதான் முதல் ரெண்டு மூணு நாள் வைரஸ் அவ்வளவு பெருகுது. அந்தக் காய்ச்சலையும் உடம்பு வலியையும் உண்டாக்கறது இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின்-6 மாதிரி நம்ம சரக்குதான். எலும்பு மஜ்ஜையும் மந்தமாகும், வெள்ளை அணு 2,400 ஆனது அதனால.

[7:16] சுமதி சித்தி: நாலாவது, அஞ்சாவது நாள்ல வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற டி செல்லும், வைரஸ்ல ஒட்டி முடக்கற ஆன்டிபாடியும் களத்துல இறங்கும். வைரஸ் சரியும், காய்ச்சல் விடும். அதே நேரத்துல அழற்சி சுரப்பு உச்சத்துல இருக்கும். வைரஸ் விட்ட என்எஸ்1 புரதம் வேற ரத்தக் குழாயோட உள்பூச்சை அரிச்சிருக்கும். ரெண்டும் சேர்ந்து கசிவு. 24-ல இருந்து 48 மணி நேரம். இந்தக் கண்டத்தைத் தாண்டணும்.

[7:19] செல்வம் பெரியப்பா: பப்பாளி இலைச் சாறு குடுத்தா பிளேட்லெட் ஏறிடும்னு நேத்துதான் ஒரு மெசேஜ் வந்துச்சு. அனுப்பவா?

[7:21] பிரபு: வேண்டாம்ப்பா. ஏழெட்டு நாள்ல பிளேட்லெட் தானாவே ஏறும், பேரு சாறுக்குப் போகும். கசிவை அது நிறுத்தாது. அந்தக் கசப்புல பிள்ளை வாந்தி எடுத்தா, அது நோயோட வாந்தியா சாறோட வாந்தியான்னு டாக்டருக்கே தெரியாது.

[7:23] முருகேசன் மாமா: 78,000-க்கு பிளேட்லெட் பாட்டில் தேடியும் அலைய வேண்டாம். ரத்தப் போக்கு இல்லாம, 10,000-க்குக் கீழ போகாம, பொதுவா ஏத்த மாட்டாங்க. திடீர்னு ரொம்பக் கம்மியா காட்டினா ஸ்லைடு போட்டுப் பாக்கச் சொல்லணும். டியூப்ல திட்டுத் திட்டா ஒட்டிக்கிட்டா மெஷின் குறைச்சு எண்ணும். கவி, அந்த டெங்கு கார்டு டெஸ்ட்ல ஐஜிஜி, அதான் பழைய தொற்றைக் காட்டற ஆன்டிபாடி, என்ன?

[7:26] கவிதா: என்எஸ்1 பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ்.

[7:27] முருகேசன் மாமா: அப்ப இது ரெண்டாவது தடவையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முதல் தடவைன்னா புது ஆன்டிபாடி ஐஜிஎம்தான் முதல்ல வரும், ஐஜிஜி இவ்வளவு சீக்கிரம் தலைகாட்டாது.

[7:29] செல்வம் பெரியப்பா: ஒரு தடவை வந்தா எதிர்ப்பு சக்தி வந்துடும்பாங்களே சுமதி?

[7:34] சுமதி சித்தி: வந்த வகைக்கு மட்டும் வரும் அத்தான். டெங்குல நாலு வகை. வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி அதுல போய் ஒட்டும், ஆனா முடக்காது. கிருமியை விழுங்கற மேக்ரோஃபேஜ் செல் அதைச் சாப்பாடுன்னு நெனச்சு உள்ள இழுக்கும், வைரஸ் அதுக்குள்ளயே உக்காந்து பெருகும். கியூபாவுல 1977-ல முதல் வகை பரவுச்சு. 1981-ல ரெண்டாம் வகை வந்தப்போ 158 பேர் இறந்தாங்க. அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி தேய்ஞ்சு போற ஆறேழு மாசக் குழந்தைக்கு, முதல் டெங்குலயே இந்த ஆபத்து உண்டு.

[7:37] பிரபு: பிலிப்பைன்ஸ்ல 2016-ல இருந்து எட்டு லட்சம் பிள்ளைகளுக்கு மேல போட்ட டெங்வாக்சியா தடுப்பூசியும் இதுலதான் மாட்டுச்சு. டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசியே முதல் தொற்று மாதிரி ஆயிடும்னு நெனைக்கறாங்க. அப்படிப் பிள்ளைக்கு ஊசிக்கு அப்புறம் டெங்கு வந்தா கடுமையாகலாம்னு 2017 நவம்பர்ல கம்பெனியே சொல்லிடுச்சு.

[7:41] கவிதா: பிரபு அண்ணே, இத்தனை நாளா அவனுக்கு காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 மாத்திரைதான் குடுத்திருக்காங்க.

[7:43] பிரபு: அடப்பாவமே. 30 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 300-ல இருந்து 450 மில்லிகிராம் வரைதான். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல கூடாது. டெங்குல கல்லீரல் ஏற்கனவே வீங்கி இருக்கும். எத்தனை மாத்திரை போட்டாங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லு. வலிக்குன்னு டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. இருக்கிற கொஞ்ச பிளேட்லெட்டையும் அது வேலை செய்ய விடாது, வயித்துல ரத்தம் கசியும்.

[7:50] கவிதா: சேத்துட்டாங்க சித்தி. பி.பி. 100/76. டிரிப்ஸ் போடறாங்க.

[7:52] சுமதி சித்தி: பி.பி.-யோட ரெண்டு நம்பருக்கும் இடைவெளி 24. இது 20-ஐத் தொட்டா ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதலைன்னு எடுத்துக்குவாங்க. மேல இருக்கிற 100-ஐ மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது. கை கால் ஜில்லுன்னு ஆனா உடனே நர்ஸைக் கூப்பிடணும். இன்னொண்ணு, ரெண்டு நாள்ல கசிஞ்ச நீர் தானா குழாய்க்குள்ள திரும்பும். பிசிவி இறங்கும், ஒண்ணுக்கு நெறைய போகும், உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும். அப்பவும் டிரிப்ஸ் ஓடிக்கிட்டிருந்தா நீர் நுரையீரல்ல சேரும். "இன்னும் ஒரு பாட்டில் போடுங்க"ன்னு வீட்டுக்காரங்க நச்சரிக்கக் கூடாது.

[7:55] கவிதா: அவன் தங்கச்சி இங்க எங்க வீட்லதான் இருக்கா. அவளுக்கு டெஸ்ட் எடுக்கணுமா?

[7:58] சுமதி சித்தி: காய்ச்சல் இல்லாம வேண்டாம். ஆனா இந்த நாள்ல அவனைக் கடிச்ச ஏடிஸ் கொசுவுக்குள்ள வைரஸ் முதிர 8-ல இருந்து 12 நாள் ஆகும். அது பகல்ல கடிக்கிற கொசு, மாடித் தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு எல்லாம் இன்னைக்கே கவுத்துடுங்க. மூணு நாலு வாரத்துக்குள்ள அவளுக்குக் காய்ச்சல் வந்தா முதல் நாளே என்எஸ்1, கூடவே ஒரு பிசிவி. அந்த முதல் நாள் பிசிவி நம்பரை எழுதி வச்சுக்கோ.