திருகோணமலை, உவர்மலை வீட்டுக் குழு: பெறுபேறு வந்த வாரமும் வாக்குப் போட்ட நாளும்

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

வசந்தி: எல்லோரும் எழும்பிவிட்டீர்களா? ராத்திரி உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. ஆரணிக்கு உயிரியல் பிரிவில் மூன்று ஏ. இணையத்தளம் திறக்கவே இல்லை, நடுச்சாமம் வரை அதற்கு முன்னால் இருந்தோம்.

ரவி: மருமகளே! வாழ்த்துகள்! இங்கே ஸ்காபரோவில் இரவு. மாமி அழுகிறா, மாயா துள்ளுகிறாள்.

கலா: ஆரணிக் குட்டி, மாவட்ட நிலை என்ன?

ஆரணி: முதல் பத்துக்குள், சித்தி. மருத்துவம் கிடைக்கும் என்று சேர் சொல்கிறார். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்கில் ஆகும்.

மாயா: அக்கா வாழ்த்துகள்! நானும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். திங்கட்கிழமை இங்கே கனடாவில் தேர்தல். முதல் தரம் வாக்குப் போடப் போகிறேன். அப்பம்மா எங்கே?

நிதுசன்: அம்மம்மா கோவிலுக்குப் போயிருப்பா. மூன்று ஏ என்றால் பத்திரகாளி அம்மனுக்கு அர்ச்சனை இல்லாமல் விடிந்திருக்காது.

அம்மம்மா: வந்துவிட்டேன். அர்ச்சனை செய்தேன், நான்கு பிள்ளைகளின் பெயரிலும் நட்சத்திரத்திலும். வழியில் கண்டவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். மீன் கொண்டுவருகிற தம்பிக்கும் சொன்னேன். கிண்ணியாவில் தன்னுடைய மகளும் மார்ச்சில் சாதாரண தரம் எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, காசு வாங்காமல் இரண்டு பாரை வைத்துவிட்டுப் போனார். ஆரணி, இன்றைக்கு உனக்குப் பாரைக் குழம்பு.

அம்மம்மா: மாயா, நீ இவ்வளவு வடிவாகத் தமிழில் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போன உன் அம்மாவுக்கும் நன்றி சொல்லு.

மாயா: சொல்கிறேன் அப்பம்மா.

அம்மம்மா: பிள்ளைகளே, ஒரு விடயம் எழுத வேண்டும். நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசியுங்கள்.

அம்மம்மா: எனக்கு ஒரு தம்பி. படிப்பில் ஆரணி மாதிரியே. 1971இல் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது மொழி பார்த்து வெட்டினார்கள். தமிழில் எழுதிய பிள்ளைக்கு மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் புள்ளி வேண்டும் என்றார்கள். அவன் மருத்துவத்துக்குப் போக வேண்டியவன். கிடைக்கவில்லை. எங்கள் அப்பா அரசியல் கதைக்காத மனிதர், கந்தோர், வீடு, கோவில் என்று இருந்தவர். அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த வீட்டுக்குள்ளும் அது வந்து, ஒரு பிள்ளையின் விடைத்தாளில் கை வைத்தது. இன்று காலை அம்மனுக்கு முன்னால் நிற்கும்போது ஆரணியின் முகத்தோடு அவனுடைய முகமும் வந்தது. நான் எந்த நேரமும் செய்தி பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள். காரணம் இதுதான்.

நிதுசன்: இப்போது இருக்கிற முறை வேறு அம்மம்மா. 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதி, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. நான் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதே மாவட்ட ஒதுக்கீட்டில்தான்.

அம்மம்மா: தெரியும் ராசா. ஒரு விதி என் தம்பியை வெளியே நிறுத்தியது, இன்னொரு விதி உன்னை உள்ளே விட்டது. இரண்டையும் எழுதினவர்கள் கொழும்பில் இருந்தார்கள். எழுதும்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆரணி: அம்மம்மா, பின்னேரம் கூட்டாளிகள் எல்லோரும் கடற்கரையில் சந்திக்கிறோம். ஐந்து மணிக்குப் போய் ஏழு, ஏழரைக்கு வந்துவிடுவேன்.

அம்மம்மா: இருட்ட முன்னம் வா.

ஆரணி: ஏன்? எல்லோரும் வகுப்புப் பிள்ளைகள்தான். ஆனந்தியின் அப்பாவும் வருகிறார்.

வசந்தி: அம்மா, பிள்ளை சந்தோசமாகப் போகட்டும். அந்தக் கதை இன்றைக்கு வேண்டாம்.

அம்மம்மா: வேண்டாம் என்று நீ சொல்லலாம் வசந்தி. பிள்ளை மருத்துவம் படிக்கப் போகிறாள், அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2006 ஜனவரி 2, பின்னேரம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகள். ஐந்து பேரைச் சுட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொன்னார்கள், பிறகு சூட்டுக் காயம் என்று தெரிந்தது. வழக்கு இழுபட்டு, 2019 ஜூலையில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுதலை. சாட்சி போதாது என்றார்கள். உண்மை சொல்ல நின்றவர்கள் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. அந்தத் தாய்மாரை நினைக்கிறேன். அவர்களும் பெறுபேறு வந்த நாளில் இப்படித்தானே பெருமைப்பட்டிருப்பார்கள்.

ஆரணி: நான் அப்போது கைக்குழந்தை. ஆனால் தெரியும் அம்மம்மா. ஜனவரியில் அங்கே விளக்கு ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

ஆரணி: அதற்காக அந்தக் கடற்கரைக்குப் போகாமல் இருக்க முடியுமா? அது எங்களுடைய கடற்கரை. நீங்களும் வாருங்கள்.

கலா: அது நல்ல யோசனை. அம்மா, நீங்களும் போங்கள்.

அம்மம்மா: சரி. நானும் வருகிறேன். பேக்கரியில் கேக் சொல்லு வசந்தி, பிள்ளைகள் எல்லோருக்கும் காணும்படி. காசு நான் தருகிறேன்.

மே 4, 2025, ஞாயிறு

வசந்தி: நிதுசன், வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை தேர்தல். நாளைக்கு இரவு மெயில் ரயிலில் ஏறு.

நிதுசன்: அம்மா, இந்த முறை வரவில்லை. பரீட்சை கிட்ட வருகிறது. போன வருடம் செப்டெம்பரிலும் வந்தேன், நவம்பரிலும் வந்தேன். இது உள்ளூராட்சித் தேர்தல்தானே. கான் துப்புரவாக்குவதும் குப்பை எடுப்பதும். என்னுடைய ஒரு புள்ளடியால் என்ன மாறப் போகிறது?

அம்மம்மா: கான் அடைத்து மாரிக்குத் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வரும்போது ஜனாதிபதியா வந்து பார்க்கிறார்? சந்தை, நூலகம், தெருவிளக்கு எல்லாம் இந்தச் சபைதான். அதைவிட ஒன்று சொல்கிறேன் கேள். இந்தத் தேர்தல் கடைசியாக நடந்தது 2018 பெப்ரவரியில். 2023 மார்ச் 9 என்று நாள் குறித்துவிட்டு, காசு இல்லை என்று தள்ளினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று போன வருடம் ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் இப்போது வருகிறது. வழக்குப் போட்டு எடுத்த தேர்தல் ராசா இது.

நிதுசன்: அது விளங்குகிறது அம்மம்மா.

அம்மம்மா: மாகாண சபையைப் பார். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக நாங்கள் வாக்குப் போட்டது 2012 செப்டெம்பர். உனக்கு ஒன்பது வயது. 2017இல் அதன் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. இப்போது பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. சபைக் கட்டிடம் எங்கள் ஊரில் இருக்கிறது, உள்ளே ஆளுநர் இருக்கிறார், நாங்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லை. 1987இல் எவ்வளவு இரத்தத்துக்குப் பிறகு வந்த சபை. கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

கலா: இந்தத் தேசிய மக்கள் சக்தி அரசாங்கத்தார் நடத்துவோம் என்று சொல்லியிருக்கிறார்கள் அம்மா. கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. மூதூரில் பள்ளிக்கூடத்துக்கு நான் எப்படிப் போய் வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். திருடாத ஆட்கள் வேண்டும் என்றுதான் சனங்கள் பாராளுமன்றத்தில் 159 இடம் கொடுத்தார்கள். திருகோணமலையிலும் நான்கில் இரண்டு அவர்களுக்கு. நானும் அவர்களுக்குத்தான் போட்டேன், மறைக்கவில்லை.

அம்மம்மா: மறைக்க வேண்டாம் மகள். நான் அதைப் பிழை என்று சொல்லவில்லை. 2022 மே மாதம் மகிந்த ராஜபக்ச எங்கள் கடற்படை முகாமுக்குள் வந்து இருந்தபோது, வாசலில் சனம் கூடி நின்றது. அதைப் பார்த்து எனக்கும் மனம் ஆறியது. ஆனால் இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் இவர்களுடைய தாய்க் கட்சியான ஜே.வி.பி.காரர். 2006இல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைப் பற்றி இன்றைக்கு என்ன நினைக்கிறார்கள் என்று எங்கள் முகத்தைப் பார்த்து யாராவது சொன்னார்களா?

கலா: தமிழ்க் கட்சிகள் மட்டும் என்ன செய்தன? வடக்கு கிழக்கு முழுவதற்கும் ஒற்றுமையாக ஒரு பட்டியல் போட முடியவில்லை.

அம்மம்மா: அதுவும் உண்மை. 1977இல் எங்கள் தமிழ்த் தலைவர் சம்பந்தன் ஐயா முதல் தரம் தேர்தல் கேட்டபோது வாக்குப் போட்டவள் நான். எதிர்க்கட்சித் தலைவராக இருந்தும் தீர்வைக் காணாமலே போன வருடம் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் தங்களுக்குள் அடிபடுவதைப் பார்க்க எனக்கும் மனவருத்தம்தான்.

ரவி: அம்மா, நான் ஒன்று சொல்லட்டா? ஆரணியை இங்கே அனுப்பிவிடுங்கள். நிதுசனும் படிப்பு முடிய வரட்டும். எவ்வளவு படித்தாலும் அங்கே நிம்மதி இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மோடி வந்தார், சம்பூருக்குச் சூரிய மின்சாரம் என்றார்கள், சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்கு இந்தியா, அமீரகம் என்றார்கள். 99 தாங்கியையும் துறைமுகத்தையும் எல்லோருக்கும் வேண்டும். அந்தத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற சனம் யாருக்கும் வேண்டாம்.

அம்மம்மா: ரவி, உன்னை நான்தான் அனுப்பினேன். அந்தக் காலத்தில் உன் உயிர் மிஞ்சினால் போதும் என்று இருந்தது. அதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. ஆனால் இப்போது உள்ள பிள்ளைகளையும் அனுப்பிவிட்டால் இந்த ஊரில் யார் இருப்பார்கள்? 2022க்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் விடிய வந்து நம்பர் எடுத்து இருக்கிறார்கள், மூதூரில் இருந்தும் ஈச்சிலம்பற்றில் இருந்தும் வந்த கிழவிகள். அவர்களுக்குத் தமிழில் வருத்தம் கேட்டு மருந்து எழுத ஒரு பிள்ளை வேண்டாமா?

ஆரணி: மாமா, நான் வரவில்லை. விடுமுறைக்கு வருகிறேன். படித்து முடித்துவிட்டு இங்கேதான் வேலை செய்ய ஆசை.

ரவி: சரி மருமகள். மாமா பயத்தில் சொன்னேன்.

அம்மம்மா: எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. நிதுசன், நீ முகநூலில் எழுதுவதை எல்லாம் வாசிக்கிறேன். நன்றாக எழுதுகிறாய். ஆனால் மார்ச்சில் கொழும்பில் ஸ்டிக்கர் ஒட்டினான் என்று 22 வயது முஸ்லிம் பிள்ளை ஒருவனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். பாலஸ்தீனப் பிள்ளைகளுக்காக ஒட்டினது. பிறகு விட்டார்கள், ஆனால் பிடிக்க முடிந்ததே. உன்னுடைய வயது. அந்தச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கு என்று வந்தது. உன் அம்மா அப்போது குழந்தை. நீக்குவோம் என்று இவர்களும் தேர்தலில் சொன்னார்கள்.

நிதுசன்: எழுதுவதை நிறுத்தச் சொல்கிறீர்களா அம்மம்மா?

அம்மம்மா: இல்லை. நிறுத்தாதே. பெயரைப் போட்டு, உண்மையை மட்டும் எழுது. கோபத்தில் ராத்திரி எழுதினால் காலையில் ஒரு தரம் வாசித்துவிட்டுப் போடு. உன்னைப் போன்ற பிள்ளைகள் வாயை மூடினால் அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லிக் கேட்க ஆள் இருக்காது. நான் பயப்படுகிறேன் என்பதற்காக நீயும் பயப்பட வேண்டும் என்று இல்லை.

நிதுசன்: நாளைக்கு இரவு ரயிலில் வருகிறேன். புத்தகத்தையும் கொண்டுவருகிறேன்.

வசந்தி: கடவுளே, நல்லது. அடையாள அட்டையை மறந்துவிடாதே.

மே 6, 2025, செவ்வாய்

ஆரணி: வாக்குப் போட்டாச்சு. நான், அண்ணா, அம்மா, அம்மம்மா. நான்கு பேரின் இடது கைச் சின்னவிரலும் படத்தில் இருக்கிறது. அம்மம்மா ஏழு மணிக்குக் கதவு திறக்க முன்னமே போய் நின்றா.

கலா: நானும் போட்டுவிட்டேன். இந்த முறை யோசித்துத்தான் போட்டேன் அம்மா.

மாயா: அப்பம்மா, இங்கே வாக்குப் போட்டதற்கு விரலில் மை பூசவில்லை. எனக்கும் அப்படிப் படம் வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

அம்மம்மா: அது பெட்டிக்குள் இருக்கிறது மாயா. ஆனால் போன கிழமை வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்த ஒரு தம்பியிடம் நான் கேட்டதைச் சொல்கிறேன். இந்தத் தெருக் கானைப் பற்றிக் கேட்டேன், பதில் சொன்னார். மாகாண சபைத் தேர்தல் எப்போது, உங்கள் கட்சி மேலிடம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் அம்மா என்று தன்னுடைய நம்பரைத் தந்தார். வென்றாலும் தோற்றாலும் வெள்ளிக்கிழமை எடுத்துக் கேட்பேன்.

நிதுசன்: என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள் அம்மம்மா. நான் சனிக்கிழமைதான் திரும்பிப் போகிறேன். மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

அம்மம்மா: சரி. கேள்விகளை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வை. ஆரணி, நீயும் இரு.