இளம் குவார்ட்டர்பேக்கை எத்தனை ஆட்டம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லலாம்?

சிப்புட்_இரவுக்காவல்:

வணக்கம். இங்கே அமெரிக்கக் காற்பந்து பார்ப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். எனக்கு இரவு வேலை, திங்கள் விடியற்காலை ஒரு மணிக்கு அங்கே ஞாயிறு ஆட்டங்கள் தொடங்கும், அப்படித்தான் என்எஃப்எல் என்ற அந்த அமெரிக்கக் காற்பந்துப் போட்டி பழக்கமானது. என் அணி கரோலினா பாந்தர்ஸ்.

2023-இல் அணிகள் வரிசையாகப் புதிய ஆட்டக்காரர்களை எடுத்தபோது எங்கள் அணி முதல் ஆளாக பிரைஸ் யங்கை எடுத்தது, அவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அடுத்த இடத்தில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் எடுத்தது இன்னொரு குவார்ட்டர்பேக்கான சி.ஜே. ஸ்ட்ரவுட்டை. முதல் பருவம் முடிவதற்குள்ளேயே ஸ்ட்ரவுட் நட்சத்திரம், யங் வீண் என்று எழுதி முடித்துவிட்டார்கள். 2024-இல் இரண்டே ஆட்டத்தோடு யங்கை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அப்போது அவருக்கு 23 வயது.

இதை இப்போது கேட்பதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது, இங்கே ஓர் இளையோர் அணிக்குக் கோல் காவலன். போன மாதம் ஓர் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினான். அவன் வீடு வந்து சேர்வதற்குள் பெற்றோர்களின் புலனக் குழுவில் 'காவலனை மாற்றுங்கள்' என்று வரிசையாக வந்துவிட்டது, எல்லாவற்றையும் அவன் என் அக்காவின் கைப்பேசியில் படித்துவிட்டான். அன்றிலிருந்து கையுறையைத் தொடவில்லை. ஒரு பையனை எதை வைத்து எடை போடுவது? எத்தனை ஆட்டம் பொறுப்பது?

விடியற்காலை_ரசிகன்:

நானும் அந்தப் பருவம் முழுக்கப் பார்த்தேன், அதனால் யங் விஷயம் இன்னும் உறுத்துகிறது. குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வாங்கியதும் இரண்டரை, மூன்று விநாடிதான், அதற்குள் எறிந்தாக வேண்டும். முன்னால் நிற்கும் ஐந்து தடியர்கள் எதிரணியைத் தடுத்தால்தான் அந்த மூன்று விநாடியும் கிடைக்கும். யங்கை அந்த முதல் பருவத்தில் 62 முறை பந்தோடு சேர்த்துத் தரையில் வீழ்த்தினார்கள். அவரை எடுப்பதற்காகவே அணியின் நல்ல பந்து பிடிப்பாளரான டி.ஜே. மோரை சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதாவது எறிபவரைக் கொண்டுவர, எறிந்தால் பிடிக்கும் ஆளை விற்றுவிட்டார்கள். போதாததற்கு நவம்பரிலேயே தலைமைப் பயிற்றுநரும் வேலை நீக்கம். இருபத்திரண்டு வயதுப் பையன் இதில் என்ன செய்வான்?

ஸ்ட்ரவுட் நன்றாக ஆடினார், மறுக்கவில்லை. 23 டச்டவுன் (காற்பந்தில் கோல் மாதிரி) எறிந்து ஐந்தே ஐந்து பந்தைத்தான் எதிரணியிடம் பறிகொடுத்தார். ஆனால் அடுத்த வருஷம் ஹூஸ்டனின் தடுப்பு வரிசை சரிந்து அவர் 52 முறை வீழ்ந்தபோது அந்த ஐந்து 12 ஆனது. உடனே முந்தைய வருஷம் தோளில் தூக்கி ஆடியவர்களே 'இவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர்தானா' என்று நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒரே ஆள், அதே கை. உங்கள் அக்கா மகனுக்கு முன்னால் தற்காப்பில் யார் நின்றார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நிபோங்_தெபால்_அண்ணன்:

நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். யாராவது தடுமாறினால் போதும், 'பெய்டன் மேனிங் முதல் வருஷம் 28 பந்தைப் பறிகொடுத்தார்' என்று, பின்னால் பெரிய நட்சத்திரமான அந்தக் குவார்ட்டர்பேக்கை எடுத்துவிடுகிறார்கள். உண்மைதான், 1998-இல் அணிக்கு மூன்றே வெற்றி, அடுத்த வருஷம் 13. ஆனால் 2007-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸலுக்கும் ஓக்லண்டில் மூன்று வருஷம் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, 2010-இல் அனுப்பிவிட்டார்கள். பொறுத்தால் எல்லாரும் மேனிங் ஆகிவிடுவதில்லை.

அணிகளின் அவசரத்துக்குக் கணக்கும் உண்டு. முதல் சுற்றில் எடுத்தவருடைய ஒப்பந்தம் நான்கு வருஷம், ஐந்தாவது வருஷம் வேண்டுமா என்று மூன்றாவது பருவம் முடிந்ததும் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் பேசுகிறவர்களுக்கு அந்த நெருக்கடி எதுவும் கிடையாது, திங்கள்கிழமை பேச ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதே தவறு திரும்ப வருகிறதா, புதுத் தவறு வருகிறதா. பஃபலோவின் ஜாஷ் ஆலன் 2018-இல் எறிந்ததில் 53 விழுக்காடுதான் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் 59. 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற பிடிப்பாளரைக் கொண்டுவந்தார்கள், 69. துணை கிடைத்தது சரி, அதற்கு முன்பே அவர் ஏறிக்கொண்டுதான் இருந்தார். ஓர் ஆட்டத்தை வைத்து இதைக் காணவே முடியாது. ஐந்து கோலை வைத்தும் முடியாது.

தோட்டத்து_அக்கா:

தம்பி, எனக்கு அந்த அமெரிக்க ஆட்டம் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மா பால்மரம் சீவியவர். தோட்டத்தில் புதிதாகச் சேரும் ஆளுக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, கிடைக்கும் தெரியுமா? மேட்டில் இருக்கும் கிழட்டு மரம். நல்ல நிரை எல்லாம் பழைய ஆட்களிடம் இருக்கும். விடிவதற்கு முன் தலைவிளக்கோடு போய் ஒவ்வொரு மரமாகச் சீவி, வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு இறங்கி வந்து பால் நிறுக்கும்போது கணக்குப் பார்க்கும் கிராணி எழுதுவது எடையை மட்டும்தான். எந்த நிரை என்று அந்த ஏட்டில் பார்க்க மாட்டார்கள். அம்மாவை முதல் வருஷம் 'கை சரியில்லை' என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லார் முன்னாலும் சொன்னார். நிரை மாற்றிய பிறகு அதே கைதான் நல்ல எடை கொண்டுவந்தது. அந்தச் சொல்லை அம்மா கடைசி வரை மறக்கவில்லை.

நம் ஊரிலும் பூப்பந்தில் லீ சீ ஜியா 2021-இல் அகில இங்கிலாந்து பட்டம் வென்ற அன்றே நம் நாட்டுப் பெரிய பூப்பந்து நட்சத்திரம் லீ சோங் வேயின் வாரிசு என்று நாளிதழ்கள் எழுதின. நான்கே மாதத்தில் தோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் சென் லோங்கிடம் தோற்றார், முகநூலில் என்னென்ன எழுதினார்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்க 2024 வரை ஆனது. தூக்கியதும் சீக்கிரம், போட்டதும் சீக்கிரம்.

பையனிடம் பேசுங்கள். குழுவில் எழுதியவர்கள் பெரியவர்கள், அவர்களிடமும் பேச வேண்டும்.

சிப்புட்_இரவுக்காவல்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் சொன்னதும் சரிதான், மருமகன் என்பதற்காக அவனிடம் குறையே இல்லை என்று நான் நினைக்கவில்லை, உயரப் பந்துக்கு வெளியே வரத் தயங்குகிறான். நேற்று ஓர் அப்பா எடுத்த காணொளியை வாங்கி அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தில் மூன்று கோல் இடது பக்கம் ஆளே இல்லாமல் வந்தவை, அந்தப் பக்கம் ஆடவேண்டிய பையனுக்கு அன்று காய்ச்சல். இதை நான் சொல்லவில்லை, காணொளியை நிறுத்தி நிறுத்தி அவனே சொன்னான். 'நாலாவது கோல் மட்டும் என்னுது மாமா' என்றான்.

அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் குழுவில் காணொளியைப் போட்டிருக்கிறாள், இதுவரை யாரும் பதில் எழுதவில்லை. சனிக்கிழமை திடலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், கையுறையைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறோம்.