குழந்தைகளோட வியன்னாவுல ஆறு நாள்: எங்கே கூட்டிட்டுப் போகலாம்?

அல்சூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூர்ல இருக்கோம். வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா ஜனவரியிலேர்ந்து வியன்னாவுல இருக்கார், ஜூன்லதான் திரும்புவார். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள, மே கடைசி வாரம், நானும் பிள்ளைங்களும் ஆறு நாள் போயிட்டு வரலாம்னு இருக்கோம். பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டரை.

அவர் ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கார். அரண்மனை, பெரிய தேவாலயம், ரெண்டு ஓவிய மியூசியம், ஒரு இசைக் கச்சேரி, ஒரு நாள் பக்கத்து நாட்டு பிராட்டிஸ்லாவா. படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குது. கப்பன் பார்க்லயே சின்னவன் அரை மணிக்கு மேல ஸ்ட்ரோலர்ல உட்கார மாட்டான். காசும் லீவும் செலவழிச்சுப் போய், பிள்ளைங்களை அதட்டிட்டே திரும்பி வர எனக்கு மனசில்ல. இந்த வயசுப் பிள்ளைங்களோட போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நாங்க சைவம், முட்டை சாப்பிடுவோம். சின்னவனுக்கு ராத்திரி தயிர்சாதம் இல்லாம ஆகாது.

ஒயிட்ஃபீல்டு அப்பா:

ஊர் சுத்தறது பத்தி மத்தவங்க சொல்வாங்க. நான் விசா பத்தி மட்டும் சொல்றேன் சிஸ்டர். அப்பா கூட வராம நீங்க மட்டும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க, அதனால அவரோட சம்மதக் கடிதம் வேணும். அவர் அங்கேயே இருக்கறதால எந்த வடிவத்துல, யார் சான்றொப்பத்தோட வேணும்னு விண்ணப்ப மையத்துல முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. கூரியர்ல வர்ற நாளையும் கணக்குல சேர்த்துக்கோங்க. பெரியவங்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, ஆறு வயசுக்குக் கீழே கட்டணம் கிடையாது. பயணக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு எடுக்கணும், பிள்ளைங்களுக்கும் சேர்த்து.

எட்டாவது கிராஸ்:

அல்சூர் அம்மா, அந்த லிஸ்ட்டை முதல்ல மடிச்சு உள்ளே வெச்சிடுங்க.

நாங்க போன வருஷம் மே மாசம் இதே ஊருக்கு ஒரு வாரம் போனோம். பொண்ணுக்கு ஏழு, பையனுக்கு நாலு, கூட என் மாமியார். வந்து இறங்கின மறுநாளே காலைல ஷோன்ப்ருன் அரண்மனை, மத்தியானம் தேவாலயம், சாயங்காலம் ராட்டினம்னு மூணையும் போட்டோம். அரண்மனைல நாலாவது அறையோ அஞ்சாவது அறையோ, பையன் அப்படியே தரையில படுத்துட்டான். மரியா தெரேசா ராணிக்கு 16 பிள்ளைங்க, 1762ல ஆறு வயசு மொஸார்ட் இந்த அரண்மனைலதான் அவங்க முன்னாடி வாசிச்சான்னு நான் காதுக்குள்ள சொல்லிட்டே இருக்கேன், அவன் கண்ணைத் திறக்கவே இல்ல. கையைப் பிடிச்சு இழுத்துத் திட்டிட்டேன். பாவம், முந்தின ராத்திரி சரியாத் தூங்காத பிள்ளை. இன்னிக்கு நினைச்சாலும் எனக்குக் கஷ்டமா இருக்கு.

அன்னிக்கு ராத்திரியே திட்டத்தை மாத்தினோம். காலைல ஒரே ஒரு இடம். மத்தியானம் ரூமுக்கு வந்து சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் ஏதாவது ஒரு விளையாட்டு மைதானம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அழுகை இல்ல. நீங்களும் இப்படியே வெச்சுக்கோங்க.

ஷோன்ப்ருன் கண்டிப்பாப் போங்க, ஆனா அரண்மனைக்குள்ள வேண்டாம். அதே தோட்டத்துல இருக்கற மிருகக்காட்சி சாலைக்குப் போங்க. 1752ல ஆரம்பிச்சது, உலகத்துல இன்னும் நடந்துட்டிருக்கற மிருகக்காட்சி சாலைகள்ல இதுதான் ரொம்பப் பழசு. யு4 மெட்ரோல ஹீட்ஸிங் ஸ்டேஷன்ல இறங்கினா கிட்ட. நடுவுல ஒரு மஞ்சள் மண்டபம், ராஜா குடும்பம் காலைல உட்கார்ந்து சாப்பிடக் கட்டினது. அங்கே ஒரு காபி குடிச்சுக்கோங்க, சுத்தி எல்லாப் பக்கமும் மிருகங்க இருக்கறதால பிள்ளைங்க நகராம வேடிக்கை பார்க்கும்.

பனிக்கரடி இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. கீழே இறங்கிப் போனா கண்ணாடி வழியாத் தண்ணிக்குள்ள தெரியும். நாங்க நின்னப்போ கரடி நீந்தி வந்து, கண்ணாடில பாதத்தை ஊன்றி, ஒரு உதை விட்டுத் திரும்பிச்சு. திரும்பத் திரும்ப அதே இடத்துல அதேமாதிரி. பாதம் எங்க வீட்டு தோசைக்கல் அகலம் இருக்கும், விரல் இடுக்கெல்லாம் வெள்ளை முடி, அதுல சின்னச் சின்னக் காத்துக் குமிழி. பையன் கரடி பாதம் வர்ற இடமாப் பார்த்துத் தன் கையை வெச்சுட்டுக் காத்திருந்தான். ஒவ்வொரு தடவை அது வந்து ஊன்றும்போதும் 'பாட்டி, தொட்டுடுச்சு!'ன்னு கத்துவான். முட்டிவலின்னு சொல்லிட்டிருந்த என் மாமியார் அங்கே அவன் பக்கத்துலயே நின்னுட்டே இருந்தாங்க.

மழை வந்தா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். டைனோசர் எலும்புக்கூடுகளோட அசையற டைனோசர் ஒண்ணும் இருக்கு, கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துல பார்த்தாலே கத்தற பிள்ளைங்களுக்கு அதுவே போதும். 19 வயசுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, அதனால ஒரு மணி நேரத்துல கிளம்பிட்டாலும் வருத்தம் இருக்காது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கோங்க. உங்க சின்னவன் வயசுக்கு டெக்னிக்கல் மியூசியமும் நல்லது, ரெண்டு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் விளையாடறதுக்குன்னே அங்கே தனி இடம் இருக்கு.

அப்புறம் பிராட்டர்னு ராட்டினம் எல்லாம் இருக்கற பொழுதுபோக்குப் பூங்கா. உள்ளே போகக் காசு இல்ல, எதுல ஏறுறோமோ அதுக்கு மட்டும்தான். பெரிய ராட்டினம் 1897ல வந்தது, சுமார் 65 மீட்டர் உயரம். நம்ம பொருட்காட்சி ராட்டினம் மாதிரி தொட்டில் இல்ல, ஜன்னல் வெச்ச மூடின பெட்டி. மெதுவாப் போகும், சின்னப் பிள்ளையையும் தைரியமா ஏத்தலாம். அதைவிட எங்க பசங்களுக்குப் பிடிச்சது லிலிபுட் ரயில். 1928லேர்ந்து ஓடுற குட்டி ரயில், மரங்களுக்கு நடுவுல 4 கிலோமீட்டர். பால பவன் ரயில்ல ஏறி இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கற பிள்ளைங்களா இருந்தா ரெண்டு ரவுண்டுக்குக் காசு எடுத்து வெச்சுக்கோங்க.

இன்னும் ஒரு காலை வேளை கிடைச்சா ஹவுஸ் டெஸ் மேரெஸ். உலகப் போர்ல விமானத்தைச் சுடக் கட்டின கான்கிரீட் கோபுரம், இப்போ அது முழுக்க மீன் தொட்டி. மேல ஒரு கண்ணாடிக் காடு இருக்கு, அதுல குட்டிக் குரங்குங்க கூண்டு இல்லாமத் திரியும். ஸ்ட்ரோலர்ல தின்பண்டம் தொங்க விடாதீங்க.

பழைய வியன்னாக்காரன்:

அங்கே ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன், இப்போ கம்மனஹள்ளி. மேலே அக்கா சொன்னதுல எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. தேவாலயத்தை விட்டுடாதீங்க. பத்து நிமிஷம் போதும், வெளியில நின்னு கூரையைக் காட்டுங்க. கலர் கலரா ஓடு பதிச்சு வளைஞ்சு வளைஞ்சு போற கோலம் அது, அஞ்சு வயசுப் பொண்ணு நிச்சயம் ரசிப்பா. தெற்குக் கோபுரத்துக்கு 343 படி, பிள்ளையைத் தூக்கிட்டு ஏறாதீங்க. வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடல். மே, ஜூன்ல வியாழன், திங்கள்ல வர்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைகள்லயும் அப்படித்தான். பெரிய ரயில்வே ஸ்டேஷன் சூப்பர் மார்க்கெட்தான் அப்போ கதி. பாலும் ரொட்டியும் முந்தின நாளே வாங்கி வெச்சிடுங்க.

தண்ணி பாட்டில் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். குழாய்ல வர்றது ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி, 1873லேர்ந்து குழாய் போட்டு ஊருக்குக் கொண்டு வர்றாங்க. தெருவுல, பூங்காவுல குடிதண்ணிக் குழாய் நிறைய இருக்கும். 'காய்ன் டிரிங்க்வாஸர்'னு எழுதியிருந்தா மட்டும் குடிக்கற தண்ணி இல்லைன்னு அர்த்தம்.

அல்சூர் அம்மா:

கண்ணுல தண்ணியே வந்துடுச்சு அக்கா, அந்தக் கரடி விஷயம் படிச்சு. வீட்டுக்காரருக்கு அப்படியே அனுப்பிட்டேன். 'ஓவியத்தை நான் தனியாப் பார்த்துக்கறேன்'னு பதில் போட்டிருக்கார். சாப்பாடு மட்டும் சொல்லுங்க. அம்மா ஒரு பாட்டில் நெய்யும் பால்கோவாவும் கட்டித் தர்றேன்னு நிக்கறாங்க.

எட்டாவது கிராஸ்:

நெய், பால்கோவா ரெண்டும் வேண்டாம்மா. வெளிநாட்டுலேர்ந்து பால் பொருள், இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள்ள பெட்டில கொண்டுபோக விட மாட்டாங்க. ஏர்போர்ட்ல எடுத்துட்டா அம்மா கைப்பக்குவம் குப்பைல போகும். பருப்புப்பொடி, நல்லெண்ணெய், ஊறுகாய், ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர், இது போதும். வெண்ணெய் அங்கேயே அருமையாக் கிடைக்கும், வாங்கி உருக்கிக்கோங்க.

தயிர்சாதத்துக்கு பாஸ்மதி வாங்காதீங்க, குழையாது. 'ருண்ட்கார்ன்ரைஸ்'னு உருண்டை அரிசி எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் இருக்கும், அவங்க பால்பாயசம் மாதிரி ஒண்ணு பண்ற அரிசி. தண்ணி கூட விட்டு வெச்சா நம்ம பச்சரிசி மாதிரியே குழையும். தயிருக்கு 'நாட்டூர் யோகர்ட்', 3.6 சதவீதம் கொழுப்புன்னு போட்டிருக்கறதா எடுங்க. புளிப்பு கம்மி, எங்க பையன் கேக்காம ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

வெளியில சாப்பிட்டா சூப் மட்டும் ஜாக்கிரதை. தோசையை நூலா நறுக்கிப் போட்ட மாதிரி ஒரு சூப் வரும், பார்க்க சைவம் மாதிரியே இருக்கும், ஆனா அது மாட்டிறைச்சி வேகவெச்ச தண்ணி. பிள்ளைங்களுக்கு கைஸர்ஷ்மாரன் சொல்லுங்க. முட்டை போட்ட தடிமனான இனிப்பு அடையைப் பிச்சுப் போட்டு, மேல சர்க்கரைப் பொடி தூவித் தருவாங்க. ஒரு தட்டு ரெண்டு பேருக்கும் காணும்.

அப்புறம் ஒண்ணு, மே கடைசில அங்கே எட்டரை மணிக்கு மேலதான் பொழுது சாயும். வெளிச்சம் இருக்கற வரைக்கும் பிள்ளைங்க படுக்காது. ஜன்னலுக்கு மாட்ட ஒரு கறுப்புத் துணியும் நாலு கிளிப்பும் பெட்டில போட்டுக்கோங்க.

அல்சூர் அம்மா:

துணி, கிளிப் எழுதிட்டேன் அக்கா. மெட்ரோல ஸ்ட்ரோலரைத் தூக்கிட்டுப் படி இறங்கணுமா?

பழைய வியன்னாக்காரன்:

வேண்டாம் சிஸ்டர், மெட்ரோ ஸ்டேஷன்கள்ல லிஃப்ட் இருக்கு. தாழ்தள டிராம் வந்தா படியே இல்ல, ஸ்ட்ரோலரோட அப்படியே உள்ளே தள்ளிடலாம். உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆறு வயசுக்குக் கீழேங்கறதால அவங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. சாயங்காலம் பிள்ளைங்க எங்கேயும் நடக்க மாட்டேன்னா, ரிங் ரோட்டுல போற டிராம்ல ஜன்னலோரம் உட்கார வெச்சுடுங்க. சின்னவன் ரெண்டாவது ஸ்டாப்லயே தூங்கிடுவான்.