வைகாசி கல்யாணம், ஏசி இல்லாத மண்டபம், பட்டுக்கு பதிலா என்ன கட்டலாம்?

திருச்சி மருமக:
எல்லாருக்கும் வணக்கம். வைகாசில கொழுந்தனாருக்கு கல்யாணம், திருச்சில. மணமேடை பக்கம் மட்டும் ரெண்டு ஏர்கூலராம், மத்தபடி ஃபேன் காத்து தான். முகூர்த்தம் 6-7.30, நான் மூத்த மருமக, அதனால விடியக்காலம் நாலு மணிக்கு கட்டுற சேலைய மதிய பந்தி முடியற வரைக்கும் மாத்த வழியே இல்ல. போன வருஷம் இதே மாதிரி மே மாச கல்யாணத்துக்கு என் முகூர்த்தப் பட்ட கட்டிட்டுப் போய் இடுப்பச் சுத்தி வேர்க்குரு, கழுத்துல போட்டிருந்த கவரிங் அட்டிகை வேர்வைல நனைஞ்சு பச்சையா ஒரு கோடு விழுந்துடுச்சு, ஃபோட்டோல எல்லாம் ஏதோ அடிபட்டவ மாதிரி இருக்கேன். இந்த வாட்டி காட்டன் கட்டலாம்னு பாத்தா, மாமியார் "கல்யாண வீட்டு மருமக காட்டன்ல நின்னா பாக்கறவங்க என்னம்மா நெனைப்பாங்க"ங்கிறாங்க. அவங்க மனசும் கோணக்கூடாது, நானும் வேகக்கூடாது. 5000க்குள்ள சேலை சொல்லுங்க. நகைக்கும் ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மல்லிப்பூ மதுரை:
சுங்குடி தான், வேற யோசிக்கவே வேண்டாம் சிஸ். சின்னாளபட்டி பக்கம் ஜரிகை பார்டர் போட்ட சுங்குடி கெடைக்கும், அரக்கு கலர்ல மஞ்சள் பார்டர் எடுத்தீங்கன்னா தூரத்துல இருந்து பாக்க பட்டு மாதிரியே தெரியும். ஆனா ஒண்ணு, இப்ப சுங்குடினு விக்கிறதுல நிறைய வெறும் ப்ரிண்ட். நிஜ சுங்குடி மதுரைல சௌராஷ்டிரா வீடுகள்ல துணிய விரல் நுனில கிள்ளி நூல் சுத்தி முடிச்சு போட்டு சாயத்துல முக்கறது, முடிச்சு அவுத்தா அந்த எடம் மட்டும் வெள்ளைப் புள்ளியா நிக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, எங்க பக்கத்து வீட்டு பாட்டி டிவி பாத்துக்கிட்டே போடுவாங்க, கைய பாக்கவே மாட்டாங்க. அதனால புள்ளி எல்லாம் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவுல இருந்தா சந்தேகப்படுங்க, கொஞ்சம் கோணல்மாணலா, தடவிப் பாத்தா லேசா மேடு பள்ளமா இருந்தா நம்பி வாங்கலாம். 2005லயே புவிசார் குறியீடு வாங்கின சேலை இது, மாமியார்கிட்ட அதையும் சொல்லிப் பாருங்க :) மொத தடவ கல்லுப்பு போட்ட தண்ணில தனியா ஊற வெச்சு அலசாம கட்டிடாதீங்க, வேர்வைல சாயம் இடுப்புல எறங்கிடும்.

ஆச்சி வீட்டு பேத்தி:
சுங்குடி நல்லது தான், ஆனா கல்யாணத்துக்கு அது கொஞ்சம் சாதா, தப்பா எடுத்துக்காதீங்க. கண்டாங்கி பாருங்க. காரைக்குடி பக்கம் நெய்யறது, மயில்கழுத்து, அரக்கு, கடுகு மஞ்சள்னு கலர் அடிச்சு நிக்கும், பார்டரும் பட்டையா கம்பீரமா இருக்கும், யாரும் "சாதாரண காட்டன்"னு சொல்ல மாட்டாங்க. ஒரே குறை, துணி கனம். பழைய ஆச்சிமாருங்க இதையே வருஷம் முழுக்க கட்டினாங்களேன்னு கேப்பீங்க, அவங்க பின்கொசுவம் வெச்சு கணுக்காலுக்கு மேல தூக்கிக் கட்டினாங்க, உள்பாவாடையும் கெடையாது, ரவிக்கையும் கெடையாது, காத்து தாராளமா போச்சு. நாம அதே சேலைய ஆறு அடுக்கு துணிக்கு மேல கட்டிட்டு கண்டாங்கி புழுங்குதுன்னா அது பாவம் என்ன பண்ணும்.

தறி சத்தம்:
பியூர் காட்டன் நாலு மணிக்கு கட்டினா ஆரத்தி எடுக்க ரெண்டு தடவ குனிஞ்சு நிமிந்ததுமே கசங்கிடும், எட்டு மணிக்கு பாத்தா தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். கஞ்சி போட்டா வெறப்பா நிக்கும், ஆனா வேர்வை பட்ட எடம் மட்டும் தொவண்டு போயிடும், அது இன்னும் அசிங்கம். என் ஓட்டு கோவை கோரா காட்டனுக்கு. பாவு, அதாவது நீளவாக்குல ஓடற நூல், பட்டு, ஊடை, அதாவது குறுக்க ஓடற நூல், பருத்தி. அதனால மினுமினுப்பும் இருக்கும், எடையும் கம்மி, காத்தும் போகும். மாமியாருக்கு "பட்டு தான் அத்தை"ன்னு சொன்னா பொய்யும் இல்ல, பாதி உண்மை :) சிறுமுகை பக்கம் நெறைய நெய்யறாங்க, அவ்ளோ தூரம் முடியலன்னா கோஆப்டெக்ஸ்ல கேட்டு பாருங்க. எடுக்கும்போது ஜரிகைய உள்ளங்கைல இல்ல, முழங்கைக்கு உள்பக்கமா தேச்சு பாருங்க, அரிச்சா வேண்டாம். இப்ப நிறைய சேலைல பிளாஸ்டிக் ஜரிகை, அது தான் இடுப்புல சுரண்டி எடுக்கறது.

தையல் மெஷின்:
நான் இருபது வருஷமா ப்ளவுஸ் தைக்கறேன். எல்லாரும் சேலையவே பேசறீங்க, அந்தம்மாவுக்கு வேர்க்குரு எங்க வந்துச்சுன்னு படிச்சீங்களா, இடுப்புல. அங்க சேலை தோல்லயே படாது, படறது இன்ஸ்கர்ட். முகூர்த்தப் பட்டுக்கு சாட்டின் இன்ஸ்கர்ட் தான் போட்டிருப்பீங்க, வழுவழுன்னு மடிப்பு நல்லா விழும்னு. சாட்டின்னு கடைல குடுக்கறது பெரும்பாலும் பாலியஸ்டர், வேர்வைய உறிஞ்சவே உறிஞ்சாது, அது மேல நாடாவ இறுக்கிக் கட்டி எட்டு மணி நேரம் நின்னா வேர்க்குரு வராம என்ன வரும். பாப்லின் காட்டன் இன்ஸ்கர்ட் வாங்குங்க, நாடாவுக்கு பதில் ரெண்டு இஞ்ச் பட்டி வெச்சு ஹூக் போடச் சொல்லுங்க, இறுக்கம் ஒரே கோட்டுல விழாது. அதே கதை தான் ப்ளவுஸுக்கும். நீங்க சொல்லலைன்னா டெய்லர் க்ரேப் லைனிங் வெச்சு தான் குடுப்பாங்க, நானே அப்படி குடுத்திருக்கேன், வெலை கம்மி. காட்டன் லைனிங்னு வாய் விட்டு கேளுங்க, இல்லன்னா டூ பை டூங்கிற மெல்லிசு காட்டன் ப்ளவுஸ் துணில லைனிங் இல்லாம கான்ட்ராஸ்ட் ப்ளவுஸ் தைங்க. அக்குள் கிட்ட அரை இஞ்ச் லூஸ். பேட் வேண்டவே வேண்டாம். இதெல்லாம் சரியா இருந்தா உங்க பழைய பட்டயே கூட கட்டலாம், உண்மையா சொல்றேன்.

கெம்பு கல்லு:
நகைக்கு வரேன். பச்சை கோடு விழுந்தது செம்பு, பித்தளை வேலை, மேல இருக்கிற முலாம் தேய்ஞ்சதும் வேர்வை உப்பு உள்ள இருக்கிற உலோகத்தோட சேந்து அப்படி ஆகும். கோடு மட்டும்னா பயமில்ல, தேச்சா போயிடும். அரிப்பும் தடிப்பும் வந்திருந்தா அது நிக்கலா இருக்கலாம், அந்த செட்ட தொடாதீங்க. தோல்ல படற பின்பக்கத்துல கலர் இல்லாத நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிச்சு முழுசா காய வெச்சு போடலாம், ஒரு நாள் தாங்கும். ஆனா நான் பண்றது வேற, கோடைல அட்டிகையே போட மாட்டேன். கழுத்த ஒட்டி தாலிச்சரடு மட்டும், அதுக்கு கீழ நீளமா ஒரே ஒரு காசுமாலை. அது தோல்ல படாம சேலை மேலயே கெடக்கும், அரிக்கவும் செய்யாது, பாக்க நெறஞ்சும் இருக்கும். காசு செலவு பண்ண மனசிருந்தா வடசேரி கோயில் நகை ஒரு சின்ன பதக்கம் வாங்குங்க, நாகர்கோவில் பக்கம் பண்றது, வெள்ளில கெம்பு பதிச்சு மேல தங்க ரேக்கு ஒட்டுவாங்க, நாட்டியக்காரங்க போடறது. 5000க்குள்ள அடங்காது, இப்பவே சொல்லிடறேன். ஜிமிக்கி கனமா இருந்தா மாட்டல் கண்டிப்பா போடுங்க, வேர்வைல ஈரமான காது ரொம்ப இழுபடும். பழைய கல் நகைய வெயில்ல நிக்கிற கார்ல வெச்சுட்டு போகாதீங்க, உள்ள அரக்கு எளகி கல்லு கழண்டுக்கும், எங்கம்மா தோடு ஒண்ணு அப்படி தான் போச்சு.

அங்கவஸ்திரம்:
அந்த மண்டபத்துல மாப்பிள்ளையோட அண்ணன் ஒருத்தர் பட்டு வேட்டில ஹோமப் புகைல உக்காந்திருப்பாரே, அவருக்கும் யாராச்சும் ஒரு வரி எழுதுங்க. நான் என் தம்பி கல்யாணத்துல 100 கவுண்ட், அதான் மெல்லிசு நூல், காட்டன் வேட்டி, ஒட்டிக்கோ டைப் தான் கட்டினேன், யாரும் கண்டுக்கல. ஃபோட்டோகிராஃபர் மட்டும் சட்டைய மாத்த சொன்னாரு, முதுகு முழுக்க நனைஞ்சிருச்சுன்னு.

திருச்சி மருமக:
அய்யோ தையல் மெஷின் அக்கா, சாட்டின் தான்!! பீரோல எடுத்து பாத்தேன், எங்கிட்ட இருக்கிற அஞ்சு இன்ஸ்கர்ட்டும் அது தான். கோரா காட்டன் எடுக்கறதா முடிவு பண்ணிட்டேன், மாமியார்கிட்ட பேச்சு வந்தப்ப பாவு பட்டுன்னு சொன்னேன், "அப்ப ஊடை என்ன"ன்னு கேட்டுட்டாங்க, அவங்க அப்பா தறி ஓட்டினவராம், எனக்கு இத்தனை வருஷமா தெரியவே தெரியாது. கடைக்கு அவங்களே கூட வராங்களாம் சனிக்கிழமை. காசுமாலையும் அவங்களோடத தரேன்னுட்டாங்க. கெம்பு கல்லு சிஸ், அது நெஜ தங்கம், அதுக்கும் பின்னாடி நெயில் பாலிஷ் அடிக்கணுமா?

கெம்பு கல்லு:
தங்கத்துக்கா?? அடிச்சுடாதீங்கம்மா, மாமியார் வீட்ட விட்டே அனுப்பிடுவாங்க.