பொத்தானை அமுக்கினால்தான் வரும் மெயில்

விளக்குத்தூண்காரன்:
சுங்குடிச் சேலை மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். சித்திரைத் திருவிழா நெருக்கத்தில் கடைக்கார அண்ணனிடமிருந்து போன். "தம்பி, ஆர்டர் அனுப்பி இருபது நிமிஷமாச்சுங்கிறாங்க. நான் மெயில் எடுக்கிற பொத்தானை அமுக்குனா உடனே வருது. தானா வர மாட்டேங்குது."

சர்வர் லாகில் பார்த்தால் மெயில் அப்போதே பெட்டியில் விழுந்திருக்கிறது. அப்படியானால் மெயில் வந்த சேதியைக் கடைக்குச் சொல்வதில்தான் கோளாறு. சர்வர் தானாகப் போய் யார் வீட்டுக் கதவையும் தட்டாது. கடையில் மெயில் படிக்கிற புரோகிராமான தண்டர்பேர்ட்தான் 993 போர்ட்டில் (சர்வரின் மெயில் வாசல்) வந்து லாகின் ஆகி, 'ஐடில்' (காத்திருக்கிறேன், புதுசு வந்தால் சொல்) என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். புது மெயில் விழுந்தால் அதே இணைப்பில் சர்வர் '24 எக்ஸிஸ்ட்ஸ்' என்று ஒரு வரி அனுப்பும். பெட்டியில் இப்போது 24 இருக்கிறது, அவ்வளவுதான் சேதி. மெயிலைத் தண்டர்பேர்ட்தான் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடை ரௌட்டரோ சில நிமிஷம் பேச்சுமூச்சு இல்லாத இணைப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிற ரகம். இரண்டு பக்கத்துக்கும் அது தெரியாது. சர்வர் காற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது, தண்டர்பேர்ட் இன்னும் காத்திருக்கிறது.

முன்பெல்லாம் ஏன் வரவில்லை இந்தத் தொல்லை? செய்தது நான்தான். சர்வரில் ஓடும் மெயில் மென்பொருளான டவ்காட், காத்திருக்கும் இணைப்பில் வழக்கமாக 2 நிமிஷத்துக்கு ஒருமுறை 'ஸ்டில் ஹியர்' (இங்கேதான் இருக்கிறேன்) என்று குரல் கொடுக்கும். போன் பேட்டரி மிச்சமாகுமே என்று அதை 29 நிமிஷமாக்கியிருந்தேன். திரும்ப 2 ஆக்கினேன், சரியாகிவிட்டது. கண்டுபிடிக்க மூன்று நாள். அதற்குள் நான் டொமைனுக்குப் பணம் கட்டவில்லையோ என்று அண்ணனுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

திருமங்கலத்தான்:
நமக்கு இதற்கு நேர்மாறு அண்ணே. ஆடிட்டர் ஒருவர் ஆபீஸ். மெயில் போனில் வரும், ஐந்து நிமிஷத்தில் மாயமாகும். யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று மூன்று தடவை பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றினதும் அடங்கும், இரண்டு நாளில் மறுபடி ஆரம்பிக்கும்.

மாடி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் பாப்3 கணக்கு (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் முறை), நகலைச் சர்வரில் விட்டுவைக்கும் டிக் இல்லை. இறக்கிக்கொண்டதும் சர்வரில் அழித்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதுப் பாஸ்வேர்டை அதில் போட்டுக்கொடுத்தது அவருடைய குமாஸ்தாவேதான்!

விளக்குத்தூண்காரன்:
இறக்கின மெயில் எல்லாம்?

திருமங்கலத்தான்:
ஏழாயிரத்துச் சொச்சம் அதிலேயே கிடந்தது. பக்கத்திலேயே ஐமேப் கணக்கு (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) ஒன்றைச் சேர்த்து, எல்லாவற்றையும் அதற்குள் இழுத்துப் போட்டோம். ஏறி முடிய ஒரு ராத்திரி ஆனது.