மூலப்பத்திரத்தில் இருந்த ஒரு வரி

அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வீடு வாங்கியபோது நடந்தது. மூலப்பத்திரம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று மாமனார் ஊரிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்ததால் பழைய காகிதங்களையும் கேட்டு வாங்கினோம். 1940களில் அந்த மனைப்பிரிவுக்கு எழுதிய நிபந்தனைகளில் ஒரு வரி: வெள்ளையர் தவிர வேறு யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் இருக்கலாம். இது செல்லாக்காசு. 1948லேயே உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட நிபந்தனையை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாங்களும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

நூலகத்தில் பழக்கமான கறுப்பினப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய அப்பா உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். கார் ஆலையில் வார்ப்படப் பிரிவில் வேலை. சூடும் புகையும் உள்ள அந்த இடத்துக்குத்தான் பெரும்பாலும் கறுப்பர்களை அனுப்புவார்களாம். ஆனால் யூனியன் சம்பளம். வீட்டில் ஃபிரிட்ஜ், டிவி, வாசலில் கார், எல்லாம் வந்துவிட்டது. வராதது வீட்டுக் கடன்தான். 1944 சட்டப்படி போர்வீரர்களின் கடனுக்கு அரசு உத்தரவாதம் உண்டு. சரி, ஆனால் பணம் கொடுக்க வேண்டியது வங்கி அல்லவா? கறுப்பர் வாழும் தெருவென்றால் வங்கி கைவிரித்துவிடும். அதனால் விற்பவரிடமே மாதத் தவணை. கடைசித் தவணை வரை பத்திரம் கைக்கு வராது. 1958 மந்தத்தில் ஆலையில் ஆட்குறைப்பு, தவணை தவறியது. ஒன்பது வருடம் கட்டியது போச்சு.

அப்புறம் ஒருநாள் எய்ட் மைல் ரோடு அருகே ஒரு சுவரைக் காட்டினார். ஆறடி உயரம், கிட்டத்தட்ட அரை மைல் நீளம். 1941இல் கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்தவர், அரசின் கடன் உத்தரவாதம் கிடைப்பதற்காக எழுப்பியது. இப்போது ஒரு பகுதியில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். குழந்தைகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

(நியூயார்க்கிலிருந்து ஒருவர்)

நான் லாங் ஐலண்டில் லெவிட்டவுனில் வாடகைக்கு இருந்தேன். போருக்குப் பின் வரிசையாக 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்த ஊர். தொடக்க கால ஒப்பந்தங்களில் அங்கேயும் நீங்கள் சொன்ன அதே வரிதான். வீட்டுக்காரம்மாவின் அப்பா பஸ் டிரைவர், முன்னாள் ராணுவ வீரர். முன்பணமே இல்லாமல் 1949இல் 7,990 டாலருக்கு வாங்கினாராம், வாஷிங் மெஷினோடு. மகள் அதை 5 லட்சத்துக்கு மேல் விற்றார். பேரப்பிள்ளைகளின் கல்லூரிச் செலவு அதிலேயே முடிந்தது.

(மறுபடியும் நான்)

அந்த 7,990ஐப் பெரியவரிடம் சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "எங்கப்பா பேசின விலை இதைவிடக் கூட" என்றார்.